பச்சைப் பட்டை

காலை ஆறு மணிக்குப் பல் துலக்கிச் சட்டை மாட்டி, தொழிற்சாலையின் முதலுதவிக்காரன் என்பதற்கான பச்சைப் பட்டையைக் கையில் கட்டுகிறேன். இன்று கம்பெனிச் சுற்றுலா என்பது நினைவுக்கு வர, அதைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறேன். பதினொரு மணி வெயிலில், கேளிக்கைப் பூங்காவின் ராட்டினத்தை விட்டு இறங்கியதும் என் மனைவி கலைமதி சுருண்டு விழுகிறாள். மோர் வாங்கப் போன நான் ஓடி வருவதற்குள், என்னைத் தெரியாத வேறு ஷிப்டு ஆட்கள் தொழிற்சாலை விபத்து ஒத்திகையில் பழகியபடி கைகோத்து அவளைச் சுற்றி வளையம் கட்டிவிடுகிறார்கள். "என் சம்சாரம்பா அது." "சொந்தக்காரங்களத்தான் மொதல்ல நிறுத்தணும்ணே. பச்சைப் பட்டைக்காரரு வந்துதான் தொடணும்." "நான்தான் அந்த ஆளு." "அப்ப பட்டை எங்கண்ணே?" மோர் என் மணிக்கட்டில் வழிகிறது. ராட்டினம் இன்னும் சுற்றுகிறது. கைகளின் இடைவெளியில் அவள் கால்விரல்கள் அசைகின்றன, பிறகு அசையவில்லை. ராட்டினத்தில் ஏறும்போது என் வெறுங்கையைத் தட்டி அவள் சொன்னதுதான் கடைசி: "இன்னிக்குதான் அந்தப் பட்டை இல்லாம என் புருஷனாட்டம் கீற."