ஃபேனை நிறுத்துகிறவள்

உள்ளே நுழைந்ததும் அவள் கை ஃபேன் சுவிட்சைத் தேடியது.

பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தது. நிறுத்தினாள்.

இறக்கைகள் ஓய்வதை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சித்திரை வெயில். ஃப்ரீசர் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. சுவரோரம் இருந்த பெண்கள் அழுவதை விட்டுவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டார்கள்.

கட்டிலில் கிடந்த அம்மாள் எதையும் கண்டுகொள்ளவில்லை.

"அவளுக்கு ஃபேன் இல்லாம ஆகாதும்மா" என்றார், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர். இறந்தவரின் கணவர். "வேர்த்துரும்."

உயிர் போன உடம்பு வேர்க்காது என்று யாரும் அவரைத் திருத்தவில்லை.

கண் வங்கியிலிருந்து போகும் எல்லா வீட்டிலும் முதல் வேலை இதுதான். காற்றுப் பட்டால் கருவிழி காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்த வேண்டும். தலையணை கொடுத்துத் தலையை உயர்த்த வேண்டும். மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். போனிலேயே சொல்லிவிடுவார்கள். துக்கத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

அவள் கைகளுக்கு இருக்கும்.

அதுதான் சிக்கலாகிவிட்டது.

போன மாதம் ஒரு சிறுமி. இரண்டாம் வகுப்பு. அப்பாவே போன் செய்து கூப்பிட்டிருந்தார். அவள் ஒரு குறையும் இல்லாமல் கருவிழிகளை எடுத்தாள். முகத்தைத் துடைத்து, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளும் இரண்டாம் வகுப்பு.

ஃபேனை நிறுத்தினாள். தலைக்கு இன்னொரு தலையணை வைத்தாள். பஞ்சு தேடிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, ஏன் ஃபேன நிறுத்துன? வேர்க்குது."

கணவனிடம் ஃபேனை நிறுத்தியதை மட்டும் சொன்னாள். பஞ்சு தேடியதைச் சொல்லவில்லை.

"வேற வேலை பாத்துக்கலாம்" என்றான் அவன்.

லீவு போட்டாள். துணி துவைத்தாள். மாவு அரைத்தாள். யோசித்தாள். எத்தனை வீடுகளில் ஃபேனை நிறுத்தியிருக்கிறாள். ஒரு வீட்டில்கூடத் திரும்பப் போட்டதில்லை. கருவிழியைக் குளிரில் வைத்து, நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் அவசரம். நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்க, கிளம்பிவிடுவாள்.

முடிக்காமல் விட்டதைத்தான் கை வீடுவரை கொண்டுவந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒரு நாள் போய்ப் பார்ப்பது. இன்றும் வீட்டில் கை அதையே செய்தால் வேலையை விட்டுவிடுவது. தனக்குள் முடிவு செய்துதான் வந்திருந்தாள்.

"முடிஞ்சதும் நானே போட்டுர்றேன்யா" என்றாள் பெரியவரிடம்.

இதுவரை யாருக்கும் கொடுக்காத வாக்கு.

அவர் எழுந்து வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. கூட வந்த இருதயராஜ் விளக்கைப் பிடித்தான்.

இமைகளை விலக்கினாள். சுத்தம் செய்தாள். வட்டமாக வெட்டினாள். கருவிழி கண்ணாடிபோல் வந்தது. அதைக் கெடாமல் காக்கும் இளஞ்சிவப்புத் திரவத்தில் இறக்கி மூடினாள். இடது ஒரு பாட்டில், வலது ஒரு பாட்டில்.

கைகள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. அதில் அவளுக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

இமைகளை மூடினாள். நெற்றிப் பொட்டைச் சரிசெய்தாள். கதவைத் திறக்கச் சொன்னாள்.

பெரியவர் உள்ளே வந்து மனைவியைக் குனிந்து பார்த்தார். தூங்குவதுபோல்தான் இருந்தாள்.

இருதயராஜ் ஐஸ் பெட்டியுடன் வாசலுக்குப் போய்விட்டான். அவள் பீரோப் பக்கம் போனாள்.

சுவிட்சைப் போட்டாள்.

காற்றில் அம்மாளின் முந்தானை படபடத்தது. பெரியவர் அதை இழுத்து இடுப்பில் செருகிவிட்டார். தினமும் செய்கிறவர்போல.

ஜீப்பில் இருதயராஜ் சிரித்தான். "வாங்கக்கா. ஒரு மாசமா இந்த ஐஸ் பெட்டிகிட்டதான் பேசிட்டுக் கெடந்தேன். பதிலே சொல்ல மாட்டேங்குது."

"நீ பேசுனா அது உருகாம இருந்ததே பெருசு" என்றாள்.

வீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் சுற்றியது.

கணவன் நாற்காலியை சுவிட்ச் போர்டுக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன, காவலா?"

"சும்மாதான். இங்கதான் காத்து வருது."

"எந்திரிச்சுப் போய் டீ போடுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போனான்.

அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் சுவிட்ச். எதிரே மகள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

ஃபேன் சத்தம் இளைத்தது. நின்றது.

கண்ணைத் திறந்து முதலில் தன் கைகளைப் பார்த்தாள்.

மடியில் இருந்தன. இரண்டும்.

பக்கத்து வீட்டு டிவியும் நின்றிருந்தது. தெருவில் யாரோ மின்வாரியத்தைத் திட்டினார்கள்.

மகள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அம்மா, நீயா?"

"இல்லடி. கரண்ட் போச்சு."

கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். மகளின் மேலுதட்டில் முதல் துளி அரும்பியது. பிறகு நெற்றியில். பிறகு கழுத்து மடிப்பில்.

"வேர்க்குதும்மா."

அவள் துடைக்கவில்லை.

"வேர்க்கட்டும்" என்றாள்.