ஒன்றையொன்று மாற்றும் இரண்டு கட்டங்கள்

பாபநாசத்து விதைநெல் உலர்த்தும் கூடத்தில் வித்யாலக்ஷ்மி, உலர்த்தியின் சூட்டை ஆள தான் எழுதிய புரோகிராமின் முன் விக்கித்து நிற்கிறாள். திரையில் செல்சியஸ் கட்டம் மாறினால் ஃபாரன்ஹீட் கட்டம் மாறுகிறது. அது மாறியதும் செல்சியஸ் மறுபடி மாறுகிறது. தோராயப் பெருக்கலால் ஒவ்வொரு சுற்றுக்கும் எண் கொஞ்சம் ஏற, உலர்த்தியின் சூடும் கூடி நாற்பது டிகிரி ஐம்பதாகிவிட்டது. தானே மாற்றிய எண்ணை ஆள் மாற்றியதாக எண்ணாதே என்று புரோகிராமுக்குச் சொல்ல மறந்திருக்கிறாள். நிறுத்தலாமென்றால் திரை உறைந்து மவுஸ் அசையவில்லை. "நிறுத்தும்மா, விதை செத்துடும்!" உலர்த்தியைப் பார்த்துக்கொள்ளும் கமலவல்லி அலறுகிறாள். வித்யா ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்குகிறாள். விசிறி முனகி ஓய்கிறது. கமலவல்லி அள்ளிக் கொடுத்த நெல் வித்யாவின் உள்ளங்கையைச் சுடுகிறது. "முளைக்குமாக்கா?" "ஈரச்சாக்குல கட்டி நாலு நாள் பார்த்தாத்தான் தெரியும்." "குறுவை நடவுக்கு வேற விதை?" "இல்லம்மா. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் இதுதான்."