தரையில் நிற்கும் மைக்

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஓரம், ஷீட் போட்ட சர்ச்சில் பெண்கள் ஞாயிறு. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் பிரசங்கம் பெண்களுடையது. வேதாகமத்தின் பெண் நியாயாதிபதி தெபோராளைப் பற்றிப் பேச வந்த ஹெலினா, மேடைக்குக் கீழே தரையில் நிற்கும் மைக்கையே பார்க்கிறாள். "மேல ஒயர் போச்சும்மா," என்கிறார் செயலாளர் மேக்ஸ்வெல், தேனொழுக. போன வாரம் போதகர் மேலே நின்றுதான் முழங்கினார். "தெபோராளே மரத்தடிலதான குந்திகினு இருந்தாங்க?" என்கிறார் மேக்ஸ்வெல். ஆண்கள் பக்கம் சிரிப்பு. "ஆமாண்ணே. தீர்ப்பு கேக்க ஜனம் அவங்களாண்ட போச்சு. நீங்க வருவீங்களா?" என்கிறாள் ஹெலினா. சிரிப்பு நிற்கிறது. மேடையில், ஜன்னல் வெயிலில், ஒயர் முழுசாகத்தான் கிடக்கிறது. பிளக்கை மட்டும் யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். கம்பெனியில் பிரஸ் மெஷின் இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய தொண்டையைச் செருமிக்கொண்டு ஹெலினா மேடையின் முதல் படியில் கால் வைக்கிறாள். மேக்ஸ்வெல் பாதி எழுந்து போதகரைப் பார்க்கிறார். போதகர் குனிந்து வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்.