ரெண்டு சொட்டு மயிலெண்ணெய்

“முழங்கால்ல ரெண்டு சொட்டு மயிலெண்ணெய் பட்டுச்சுங்க. பல்லடம் சந்தையில இருந்து அருள்புரம் வரைக்கும் நிக்காம ஓடியாந்தனுங்க. ஒரு பஸ்ஸுகூட என்னைய முந்தல!” என்றார் சென்னியப்பன்.

பனியன் கம்பெனியில் முப்பது வருடம் நின்றபடியே துணி வெட்டி ஓய்வு பெற்ற கட்டிங் மாஸ்டர். அவர் மனைவி பழனியம்மாளுக்கு மறுநாள் காலை முழங்கால் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பை, கதவோரம் தயாராக இருந்தது.

நலம் விசாரிக்க வந்திருந்தார் முருகவேல். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“ஏழு கிலோமீட்டருங்க மாஸ்டர். பஸ்ஸெல்லாம் பஞ்சராகி நின்னுட்டு இருந்துச்சுங்களா?”

“ஓடுன பஸ்ஸுங்க! நாலு பஸ்ஸு! கண்டக்டருக எட்டிப் பாத்துக் கும்புட்டாங்க.”

பழனியம்மாள் குறுக்கிட்டாள். “ஏனுங்ணா, நீங்களே சொல்லுங்க. காலை அறுத்து இரும்பு வெக்கறதுன்னா எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. இவரு ஓடுனது நெசம்னா, ஆபரேஷனை உட்டுப்போட்டு அந்த எண்ணெயவே தேச்சுக்கறேன்.”

“அதெல்லாம் நடக்கற காரியமா அம்மிணி? பேசாம ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க.”

சென்னியப்பன் விடவில்லை. “போன தை மாசமுங்க. அதுவரைக்கும் தடி இல்லாம கக்கூசுக்குக்கூடப் போகமாட்டேன். சந்தைக்கு வெளிய வேப்பமரத்தடியில ஒருத்தன் எண்ணெய் வித்துட்டு இருந்தான். உக்கார வெச்சு அவனே தேச்சு உட்டான். ஒரு நிமிசம் ஆகல, எந்திரிச்சு ஓடறேன். தடி அங்கயே கெடக்குது!”

“வித்தவன்?”

“அவன் எனக்கு முன்னால ஓடறான். காலையில அவனும் தேச்சிருப்பானாட்ட இருக்குது.”

முருகவேல் டம்ளரைக் கீழே வைத்தார். சென்னியப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

“பொய்தானுங்களே அண்ணா?” என்றாள் பழனியம்மாள்.

“இல்லீங்க அம்மிணி, ஓடுனது நெசந்தானுங்க,” என்றார் முருகவேல். “அன்னைக்கு மயிலெண்ணெய் விக்கறவனைப் புடிக்க வந்த ஃபாரஸ்ட் கார்டு நான்தானுங்க. அருள்புரம் வரைக்கும் ஜீப்புல தொரத்தியும் இவரைப் புடிக்க முடியலைங்க.”