வெர்னின் கை

"செத்தவன் கை அடங்க மாட்டேங்குது, மார்லா."

ஹார்லன் சொன்ன விதத்தில் விளையாட்டே இல்லை. முகாம் அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே கடல்மூட்டம் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது.

"யார் கை?"

"எங்கண்ணன் வெர்ன். வண்டி மேல ஏத்தற அந்தத் தகர வீடு, கேம்பர், அவனோடது. பிக்கப் முதுகுல அதை ஏத்தி, நாலு மூலையிலயும் சங்கிலி மாட்டி, திருகை இறுக்கி, அது மேல சாக்பீஸால கோடு போட்டுட்டு வருவேன். திரும்பிப் போய்ப் பார்த்தா கோடு நகர்ந்திருக்கும். தங்கற இடத்துல எல்லாம் இதே கதை."

சுற்றுலா வண்டிகள் வந்து தங்கும் அந்த முகாமின் பொறுப்பு மார்லாவுடையது. அவளுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மனிதர்கள் மேல்தான் சந்தேகம்.

நேற்று ஹார்லனின் மனைவி டோரீன் தண்ணீர் பிடிக்க வந்தபோது அலுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. "அந்தத் தகரப் பெட்டி எங்கயாவது பள்ளத்துல விழுந்து தொலைஞ்சா நிம்மதியா வீடு போய்ச் சேருவேன்."

இங்கிருந்து இறங்குகிற பாதை முழுக்க வளைவுகள். அதில் கேம்பர் கழன்று சரிந்தால், பின்னால் வருகிற பள்ளிப் பேருந்து?

"இங்கேயே இருங்க" என்று வெளியே பாய்ந்தாள்.

எதிரே ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கிரீச்... கிரீச்... நின்றது. மறுபடி, கிரீச்.

கிட்டே போனபோது முதலில் தெரிந்தது ஒரு கை. உடம்பே இல்லாததுபோல், வெளுத்த ஒற்றைக் கை, சங்கிலியைப் பற்றிக்கொண்டிருந்தது.

மார்லா ஓரடி பின்வாங்கினாள்.

பிறகுதான் சாம்பல் நிற மழைக்கோட்டும் ஸ்பேனரும் கண்ணில் பட்டன. டோரீன்!

"கையை எடுங்க! வெக்கமா இல்ல? இந்தப் பயணம் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்றதுதானே? சங்கிலியைக் கழட்டிவிட்டு, ரோட்டுல போறவங்களை எல்லாம் கொல்லப் பாக்கறீங்களா? இப்பவே போலீஸைக் கூப்பிடறேன்!"

"கத்தாதடி. அவர் காதுல விழப்போகுது." டோரீன் திரும்பக்கூட இல்லை. "இந்தச் சங்கிலியைப் பிடிச்சுப் பாரு."

பிடித்தாள். கம்பிபோல விறைத்து நின்றது.

"இப்ப அந்தப் பக்கம் போய்ப் பாரு."

அந்தப் பக்கத்துச் சங்கிலி தொளதொளவென்று ஆடியது.

"அதுதான் அவர் இறுக்கினது. எந்தப் பக்கம் திருப்பணும்னே மறந்துபோச்சு. இறுக்கறதா நினைச்சுக் கழட்டிடறார்."

"இந்த லட்சணத்துல வண்டியும் ஓட்டறாரா?"

"சாவியை நான் வாங்கி வச்சுக்கிட்டேன். பாங்க் விவகாரத்தை எங்க பொண்ணு வாங்கிட்டா. அவருக்குன்னு மிச்சம் இருக்கற வேலை இது ஒண்ணுதான். இதையும் பிடுங்கச் சொல்றியா?"

மார்லா தொளதொளத்த சங்கிலியிலிருந்து கையை எடுத்தாள்.

"பேய்னு நம்பறார். நம்பிட்டுப் போகட்டும். நீ இங்க என்னைப் பாக்கல, புரியுதா?"

மார்லா தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

ஹார்லன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "யாராவது இருந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. ஒரே மூட்டம். உங்க அண்ணனாத்தான் இருக்கும்."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தார் ஹார்லன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் பொய் சொல்றே. எனக்கு எல்லாம் தெரியும்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம். கொஞ்சம் காபி ஊத்து. பின்பக்கத் திருகு ஒண்ணு துருப்பிடிச்சிருக்கு. பாவம், டோரீனுக்கு நேரமாகும்."