ரப்பர் தோட்டத்து ஆஸ்திரேலியா

"குல்லாவக் கழட்டாதீங்க அண்ணி! இப்ப கூப்புட்டுருவாங்க அந்தம்மா!"

"தல வேகுதுடி ஏஞ்சலா. சோத்துப் பானைய மூடி வச்ச மாதிரி இருக்கு" என்றார் இருதயமேரி.

மலேசியாவில், பத்து காஜா ஊருக்கு வெளியே, பாதி விற்றுப்போன ரப்பர் தோட்டம். மார்ச் மாத வெயில். மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. அவற்றின் கீழே ஸ்வெட்டரும் மப்ளருமாக மூன்று பேர்: ஏஞ்சலா, அவள் கணவன் செபாஸ்டியன், அவனுடைய அக்கா இருதயமேரி.

கல் குவாரியில் முதுகு ஒடிந்ததிலிருந்து செபாஸ்டியனுக்கு வேலை இல்லை. தேடித் தேடி ஏஞ்சலாதான் ஒன்றைப் பிடித்திருந்தாள். ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான இணையப் பக்கம் அது. குடும்பம், செலவு, கொண்டாட்டம் என்று பருவத்துக்கு ஏற்ற குறிப்புகள் எழுத ஆள் கேட்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை: எழுதுகிறவர் அந்த நாட்டுக் குளிரிலேயே குடும்பம் நடத்துகிறவராக இருக்க வேண்டும். மெல்பர்னில் இருப்பதாக ஏஞ்சலா எழுதிப் போட்டாள். அங்கே டாஸ்மேனியாவில் இருக்கும், அந்தப் பக்கத்தின் ஆசிரியர் தினேஸ்வரியோ, வீட்டுத் தோட்டத்தையும் குடும்பத்தையும் வீடியோவில் காட்டச் சொல்லிவிட்டார்.

"அங்க இப்பதான் இலையுதிர் காலம் ஆரம்பம். இங்க ரப்பரும் இப்பதான் கொட்டுது. கடவுளாப் பாத்துக் குடுத்த சான்ஸ்" என்றாள் ஏஞ்சலா.

"கண்டுபுடிச்சிட்டாங்கன்னா?" என்றான் செபாஸ்டியன்.

"வேல இல்ல. வேல இல்லன்னா அடுத்த மாசம் வாடக வீட்டுலேருந்து நம்ம சாமானத் தூக்கி ரோட்டுல வைப்பானுங்க. சிரிங்க."

செபாஸ்டியன் சிரித்தான். கைப்பேசி அடித்தது.

திரையில் தினேஸ்வரி. காது வரை சால்வை. பின்னால் அவர் ஊர் மொட்டை மரங்கள்.

"வணக்கம் ஏஞ்சலா. இங்க பயங்கரக் குளிர். அங்க எப்படி?"

"கை வெறச்சிப் போச்சு மேடம்."

"உங்க வீட்டுக்காரர் மூஞ்செல்லாம் ஈரமா இருக்கே?"

"பனி மேடம்."

"ஆமாமா, இங்கயும் பனிதான்" என்று தினேஸ்வரி தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது என்ன, மரத்துல கம்பி கட்டித் தொங்குது?"

ரப்பர் பால் பிடிக்கும் மங்கு. இருதயமேரி வாயைத் திறந்தார். ஏஞ்சலா அவர் காலை மிதித்தாள்.

"பறவைக்குத் தண்ணி வைக்கிற கிண்ணம் மேடம்."

"நாங்களும் வச்சிருக்கோம்" என்றார் தினேஸ்வரி அவசரமாக. "சரி, குறிப்பு மூணு சொல்லுங்க. குடும்பத்துக்கு?"

"எல்லாரும் ஒன்னா சேந்து இலை கூட்டலாம். கூட்டிக்கிட்டே மனசு விட்டுப் பேசலாம்."

"செலவக் குறைக்க?"

மனப்பாடம் செய்தது ஏஞ்சலாவுக்கு மறந்துபோனது. பல வருஷம் ரப்பர் மரம் சீவிய இருதயமேரி குறுக்கே புகுந்தார்.

"எல கொட்டுனா பால் வராது. பால் வரலன்னா சம்பளம் பாதி. மூணு வேளையும் மரவள்ளிக் கெழங்கு அவிச்சித் திங்கணும். அதுவும் தீந்துட்டா அதோட கொழுந்து. வேற என்னாத்த செலவக் கொறைக்கிறது?"

"அண்ணி மாட்டுப் பண்ணையில வேல பாத்தவங்க மேடம்" என்றாள் ஏஞ்சலா. "எல இல்லன்னா மாடு பால் குடுக்காதுல்ல, அதச் சொல்றாங்க."

"எங்க அம்மாவும் கெழங்குதான் போட்டாங்க" என்ற தினேஸ்வரி, சட்டென்று இருமினார். "கொண்டாட்டத்துக்கு?"

"இலைக் குவியல்ல குதிக்கலாம்!"

செபாஸ்டியன் முதுகைப் பிடித்துக்கொண்டு குதித்தான். குதித்ததைவிட வேகமாக எழுந்தான். குவியல் முழுக்கச் சிவப்பெறும்பு. ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினான்.

"இது என்ன ஆட்டம்?"

"மெல்பர்ன்ல இப்ப இதான் மேடம்."

"ம்..." தினேஸ்வரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏஞ்சலா, ஒன்னு கேக்கட்டா? நீங்க நெசமாவே..."

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து ரோட்டில் 'பாம், பாம்' என்று மோட்டார் சைக்கிள் ஹாரன் அலறியது.

"ரொட்டிக்காரன்!" என்று இருதயமேரி எழுந்தார். "பசியாற விடாம இழுத்துட்டு வந்துட்டீங்க, இவனயும் விட்டா நான் செத்தேன்!" கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குல்லாவோடு மரங்களுக்கிடையே ஓடினார்.

ஏஞ்சலாவுக்கு உயிரே நின்றுவிட்டது. வீடு போச்சு. சாமான் ரோட்டுக்கு வந்தாச்சு.

"அது... அது டிராம் மேடம். எங்க தெருவுல ஓடும்."

"டிராம்தான், டிராம்தான்" என்றார் தினேஸ்வரி. அவர் முகமும் வெளுத்திருந்தது.

"அப்ப என் வேல மேடம்?"

தினேஸ்வரி பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது திரையில், அவர் முதுகுக்குப் பின்னால், டாஸ்மேனியாவின் மொட்டை மரங்களுக்கு நடுவிலிருந்து, கம்பளிக் குல்லாவோடு மூச்சிரைக்க வந்து நின்றார் இருதயமேரி.

"ஏம்மா, ரொட்டிக்காரன் இந்தப் பக்கமா போனான்?"

தினேஸ்வரி திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சால்வையைக் கழற்றினார்.

"வேல உங்களுக்குத்தான் ஏஞ்சலா. வெளிய மட்டும் சொல்லிடாதீங்க லா."