பதினெட்டு டாலர் சாப்பாடு

"ஓசிச் சாப்பாட்டுக்கு விலைபோற டாக்டர்கிட்ட உன் கண்ணைக் குடுக்க என்னால முடியாது," என்றார் வெர்லின்.

அவர் மனைவி ஆர்டிஸ் மேசையைத் தடவிக் காபிக் கோப்பையை எடுத்தாள். "யாரைச் சொல்றே? டாக்டர் நோவாட்னியையா?"

"அவங்களேதான். மருந்துக் கம்பெனிக்காரன் எந்த டாக்டருக்கு என்ன குடுத்தான்னு கவர்ன்மென்டே இன்டர்நெட்டுல போட்டிருக்கு. போன வருஷம் மட்டும் பத்துப் பதினோரு மதியச் சாப்பாடு! லிங்கன் நகரத்துல இருக்கிற கண் டாக்டர் பேரையும் தட்டிப் பார்த்தேன். ஒரு காபிகூட இல்ல."

வேலை பார்த்த காலமெல்லாம் தானியக் கிடங்கின் எடைமேடையில் நின்றவர் வெர்லின். பாதிரியார் கொண்டுவந்த சோளத்தைக்கூட எடைபோடாமல் உள்ளே விட்டதில்லை.

"இதையும் கேளு. வயசானவங்க வைத்தியத்துக்குக் கவர்ன்மென்ட் பணம் கட்டற மெடிக்கேர் கணக்கும் இன்டர்நெட்டுல இருக்கு. லிங்கன் டாக்டரைவிட இவங்க ரெண்டு மடங்கு ஊசி போட்டிருக்காங்க. கண்ணுல குத்திக் குத்தியே காசு பாக்கறாங்க."

"மூணு கவுண்டிக்கும் கண் டாக்டர் அவங்க ஒருத்தங்கதானே, வெர்லின்? சுத்துவட்டாரச் சோளமெல்லாம் உன் மேடைக்குத்தான் வந்துச்சு. அதுக்காக உன்னைத் திருடன்னு யாராவது சொன்னாங்களா?"

இன்னொன்றும் வெர்லினை உறுத்தியது. விலை கூடிய மருந்தைப் போட்டால் டாக்டருக்கும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் மெடிக்கேர் கணக்குப்படி நோவாட்னி பெரும்பாலும் போட்டிருந்தது மலிவான மருந்து. அதெல்லாம் சரிதான். அந்தச் சாப்பாடுதான் அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டு நின்றது.

"லிங்கன்ல எப்போ வரச் சொன்னாங்க?" என்றாள் ஆர்டிஸ்.

"அஞ்சு வாரம் கழிச்சு."

"இங்க இந்த வியாழக்கிழமை எனக்கு ஊசி. இடது கண்ணு எப்படிப் போச்சுன்னு மறந்துட்டியா? ஊசி தள்ளிப்போயித்தான். இருக்கிறது இது ஒண்ணு. இதுவும் போச்சுன்னா, சீட்டாட்டத்துல என் கையில ராஜா இருக்கா ராணி இருக்கான்னு நீதான் காதுல சொல்லணும். நீ ரகசியம் பேசினா அடுத்த தெருவுக்குக் கேக்கும்."

"நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல, ஆர்டிஸ்?"

"பனிப்புயல்ல ரோட்டை மூடினாங்களே, அன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் நம்மள அந்த கிளினிக்குலதானே வெச்சிருந்தாங்க? சர்க்கரை இறங்கி உனக்குக் கை நடுங்கினப்போ சாண்ட்விச் குடுத்தாங்களே!"

"அது முன்னாடி வரவேற்பு மேசையில உக்காந்திருக்கிற டானெட் குடுத்தது. தங்கமான பொண்ணு. டாக்டரம்மா எட்டிக்கூடப் பாக்கல."

மறுநாள் காலை ஆர்டிஸை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு கிளினிக்குக்குள் போனார்.

"ஆர்டிஸோட ரெக்கார்டெல்லாம் எடுத்துக் குடு, டானெட். டாக்டரை மாத்தறோம்."

"ஐயோ, ஏன்?"

இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்துக்கொண்டு வந்த தாளை அவள் முன்னால் போட்டார். "உங்க டாக்டரம்மா கம்பெனிக்காரன் காசுல விருந்து சாப்பிடறாங்களே, அதான்!"

காத்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டானெட் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் கம்பெனி ஆளு மாசாமாசம் சாப்பாட்டை டப்பா டப்பாவாக் கொண்டுவர்றான். தன்னோட மருந்தைப் போட வைக்கணும்னுதான். டாக்டர் அசையல. பழைய மலிவு மருந்துதான் போடறாங்க. இப்ப அவனுக்கே அலுத்துப்போச்சு."

"மருந்து வேண்டாம், சாப்பாடு மட்டும் வேணுமாக்கும்!"

"கேளுங்க. நோயாளிகளுக்கு அவன் சாப்பாடு குடுக்கக் கூடாது. அது விதி. இங்க வேலை பாக்கறவங்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒண்ணு, கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கணும். எங்க டப்பாவை நாங்க அப்பவே காலி பண்ணிடுவோம். டாக்டரும் கையெழுத்துப் போட்டு எடுப்பாங்க. திறந்து பாத்ததில்ல. கூடத்துல காத்திருக்கிறவங்கள்ல யார் முகம் வாடியிருக்குன்னு பாத்து, 'கொண்டுபோய்க் குடு, எம் பேரைச் சொல்லாதே'ன்னு என் கையில குடுத்துடுவாங்க. 'இன்டர்நெட்டுல உங்க பேரு ஏறுது, நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க'ன்னு நானும் சொல்லிட்டேன். கேட்டாத்தானே?"

"இதெல்லாம் நான் நம்பணுமா?"

"எந்தெந்த நாள்னும் போட்டிருக்காங்களே, பாத்தீங்களா?"

அவள் விரல் ஒரு வரியில் போய் நின்றது. பிப்ரவரி இருபத்திரண்டு. பதினெட்டு டாலர் நாற்பது சென்ட்.

"அன்னைக்குத்தான் புயல். ரோட்டை மூடறதுக்குள்ள அந்தாளு டப்பாவையெல்லாம் இறக்கிட்டு ஓடிட்டான். டாக்டர் டிராயர்ல கிடந்த பிஸ்கட்டைத் தின்னுட்டு, இருட்டற வரைக்கும் நோயாளிங்களைப் பாத்தாங்க."

வெர்லின் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மத்த நாளெல்லாம் யாரு யாருன்னும் சொல்லவா?"

"வேண்டாம்மா."

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கதவு திறந்த சத்தம் கேட்டு ஆர்டிஸ் திரும்பினாள். "ரெக்கார்டு வாங்கிட்டியா?"

"இல்ல. வியாழக்கிழமை இங்கேயே ஊசி போட்டுக்கோ."

"என்னாச்சு உனக்கு? டாக்டரம்மா தின்ன ஓசிச் சாப்பாடு என்னாச்சு?"

வெர்லின் வண்டியைக் கிளப்பவில்லை.

"வான்கோழி சாண்ட்விச், ஆர்டிஸ்," என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொண்ணு கிடைக்குமான்னுகூட டானெட்கிட்டக் கேட்டேன்."